உளிச் சத்தம் ஊரெல்லாம் கேட்க வேண்டாமா?

மாமல்லபுரத்தில் வியாபாரம் செய்கிறவளுக்கு விளம்பரம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பல்லவ ராஜாக்கள் ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முன்பே எங்களுக்காக விளம்பரம் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே! கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் அர்ச்சுனன் தபசும் இருக்கிறவரை ஜனங்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்த பிறகு வெளிநாட்டுக்காரர்களுக்கும் குறைவில்லை. சனி, ஞாயிறு வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் ஊர்ந்துதான் போகும்.

ஆனால் சகோதரிகளே, வருகிற கூட்டம் வேறு, வாங்குகிற கூட்டம் வேறு. கடை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வருகிறவர்கள் வெயிலில் சுற்றிக் களைத்திருப்பார்கள். குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு அழும். கல் சாமானைக் கையில் எடுத்து, "ஐயோ, என்ன கனம்!" என்று வைத்துவிட்டு, மீன் வறுவல் வாசனை வரும் பக்கம் போய்விடுவார்கள். பஸ்ஸில் வந்தவர் நாலு கிலோ கல்வத்தை எப்படித் தூக்கிக்கொண்டு போவார்? அவர் மேல் குற்றமில்லை.

என் வீட்டுக்காரர் கல் வேலைக்காரர். பகலில் ஒரு பட்டறையில் கூலிக்குச் சாமி சிலைகள் செய்கிறார். மாலையிலும் விடுமுறை நாளிலும் வீட்டுப் பின்புறத்தில் சின்னச் சின்ன சாமான்கள் அடிப்பார். பூண்டு, மிளகு இடிக்கும் கல்வம், கைக்கு அடக்கமான அம்மி, குழந்தைகளுக்கு மருந்து உரைக்கும் உரைகல், துளசி மாடத்து விளக்கு, குருவிகளுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டி... இவைதான் என் சரக்கு. ஐந்து ரதம் போகும் சாலையில் இருக்கும் பெரிய கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அவர்கள் கொடுப்பதுதான் விலை. அதே கல்வம் கண்ணாடி அலமாரியில் ஏறியதும் இரண்டரை மடங்கு ஆகிவிடும். "கடை வாடகை யாரும்மா குடுப்பா? கூட்டிட்டு வர்றவங்களுக்குக் கமிஷன் யாரும்மா குடுப்பா?" என்பார்கள். அதுவும் வாஸ்தவம்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் புராதனச் சின்னங்களை எல்லாம் மூடினார்கள். ஊரே அடங்கிப் போயிற்று. நூற்றுக்கணக்கான பட்டறைகளின் உளிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த ஊர் இது. அந்தச் சத்தம் நின்றபோது காது வலித்தது என்று சொன்னால் நம்புவீர்களா? மாதக்கணக்கில் ஒரு டூரிஸ்ட் கிடையாது. கடைக்காரர்கள் போன் எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன சொல்வார்கள், பாவம். முடித்து வைத்த கல்வங்கள் 60-க்கு மேல் வீட்டில் அடுக்கிக் கிடந்தன. அரிசி ரேஷனில் வந்தது, சரி. பள்ளிக் கட்டணம்? கூட்டுறவு நகைக் கடன் வட்டி? 2021-ல் கொஞ்சம் நிமிரும்போது இரண்டாம் அலை வந்து மறுபடி மூடினார்கள்.

அப்போதுதான் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள் சொன்னாள்: "அம்மா, ஆளுங்க இங்க வர முடியலன்னா, கல்வத்தை அங்க அனுப்பிடலாமே. போட்டோ போடு." ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கி அவளுக்கு வாங்கிக் கொடுத்த போன்தான் வீட்டிலிருந்த ஒரே நல்ல போன்.

என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "கல்லு தன்னால பேசும். இது என்ன, தமுக்கடிச்சு விக்கிற பொருளா?" என்றார். சிற்பிகளின் ரோஷம் தனி. ஆயிரம் வருஷத்து வேலையில் ஒரு கையெழுத்துகூட இல்லாத ஊர் எங்கள் ஊர் என்று பெருமையாகச் சொல்வார். நான் எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க, பேசட்டும். அது பேசுறதை நாலு பேர் கேக்குற எடத்துல கொண்டு வைக்கிறேன்" என்றேன். சிரித்துவிட்டார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பேரில் இருக்கிறது சூட்சுமம்

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் எனக்கு முன்பே இதைக் கற்றுக்கொண்ட ஒரு அக்கா இருந்தார். ஊறுகாய் போடுகிறவர். தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கிறது. சமூக வலைதளங்களில் விற்பது பற்றி அவ்வப்போது இரண்டு மூன்று நாள் பயிற்சி நடத்துகிறார்கள். செய்தித்தாளில் அறிவிப்பு வரும். அந்த அக்கா அங்கே போய் வந்தவர். அவரிடமிருந்து நோட்டை வாங்கி, மகளை வைத்துக்கொண்டு, தினம் ராத்திரி ஒரு மணி நேரம் படித்தேன். பத்தாவது படித்தவளுக்கு இது எட்டாத வித்தை இல்லை. சமையல் குறிப்பைப் படித்துச் செய்வது மாதிரிதான், கை பழக வேண்டும்.

முதல் பாடம் வாட்ஸ்அப். நாம் குடும்பத்தோடு பேசுவதற்கு வைத்திருக்கிற வாட்ஸ்அப் வேறு, 'வாட்ஸ்அப் பிசினஸ்' வேறு. 2018-ல் வந்தது, இலவசம். அதில் கடையின் பேர், நேரம், முகவரி எல்லாம் போடலாம். சாமான்களைப் படம், விலை, அளவோடு ஒரு புத்தகம் போல அடுக்கி வைக்கலாம். இதற்குக் 'கேட்டலாக்' என்று பேர். யாராவது "என்னென்ன இருக்கு?" என்று கேட்டால் ஒவ்வொரு படமாக அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம், அந்தப் புத்தகத்தைத் தள்ளிவிட்டால் போதும். நாம் சமைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது கேட்டால், "மாலை 4 மணிக்குப் பதில் சொல்கிறேன்" என்று அதுவே சொல்லிக்கொள்ளும். எனக்கு இதுதான் பெரிய உபகாரம். பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்கிற ஜனங்கள், எப்போது வரும் என்று தெரிந்தால் காத்திருக்கிறார்கள்.

ஒரே செய்தியைப் பல பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் வசதி இருக்கிறது. ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். ஆகையால் சாமான் வாங்கினவர்களிடம், "அண்ணி, நம்ம நம்பரை 'கல்வம்'னு போட்டு வச்சுக்குங்க" என்று நானே சொல்லிவிடுவேன். என் பேரை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருப்பார்கள்? கல்வம் என்றால் மறக்காது.

அடுத்தது ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும். ஃபேஸ்புக்கில் சொந்தப் பேரில் கணக்கு வைத்து அதிலேயே வியாபாரம் செய்கிறவர்கள் நிறைய. சொந்தக் கணக்கில் 5,000 சிநேகிதர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. கடைக்கென்று 'பக்கம்' தொடங்கினால் அந்த வரம்பு கிடையாது. தவிர, மாமியார் அறுபதாம் கல்யாணப் படமும் குருவித் தொட்டி விலையும் ஒரே இடத்தில் இருப்பது அவ்வளவு நன்றாகவும் இல்லை.

இப்போது பேர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கு இரண்டு பேர். அரசாங்கப் பேர் மாமல்லபுரம். ஆனால் வெளியூர்க்காரர்கள் தேடுவது மகாபலிபுரம்! பெங்களூர்க்காரரும் பாரிஸ்காரரும் பழைய பேரைத்தான் தட்டுகிறார்கள். ஆகவே எந்தப் படத்துக்குக் கீழேயும் இரண்டு பேரையும் போடுவேன். தமிழிலும் போடுவேன், இங்கிலீஷிலும் போடுவேன். கல்வம் என்பதும் இப்படித்தான். சிலர் இடிகல் என்பார்கள், சிலர் சின்ன உரல் என்பார்கள். ஜனங்கள் எந்தப் பேரைச் சொல்லித் தேடுகிறார்களோ அந்தப் பேரில் நாம் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்குப் பட்டணத்தில் சில பேர் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வதும் இலவசம்தான். நமது இடம் தெருவுக்குள்ளே, பூஞ்சேரி போகும் பக்கம். தானாக யாரும் வந்து நுழைய மாட்டார்கள். வரைபடத்தில் ஏறிய பிறகு, ஒத்தவாடைத் தெரு விடுதிகளில் தங்கும் வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் போனைப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். என் மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவர்களுக்கு மோர் கொடுத்து உட்கார வைப்பது அவர்தான். நாலு பேர் அந்த மோரைப் பற்றியே அபிப்பிராயம் எழுதியிருக்கிறார்கள்!

கேள்விதான் சரக்கு

படம் எடுப்பதற்குப் பெரிய காமிரா வேண்டாம். காலை ஏழு ஏழரை மணி வெளிச்சம் போதும். உச்சி வெயிலில் கருங்கல் வெறும் கறுப்புத் திட்டாகத் தெரியும், உளி போட்ட கோடு தெரியாது. பக்கத்தில் ஒரு எலுமிச்சம் பழமோ, பூண்டோ, ஒரு கையோ இருந்தால்தான் அளவு புரியும். கீழே வாய் அகலம் எத்தனை அங்குலம், எடை எத்தனை கிலோ, விலை என்ன, எல்லாம் எழுதுவேன். "விலைக்குத் தனியாகத் தொடர்பு கொள்ளவும்" என்று பலர் போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. கடைக்குப் போய், "இந்தப் புடவை என்ன விலை?" என்றால், "உள்ளே வாங்க, காதோட சொல்றேன்" என்றால் நாம் வாங்குவோமா?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அழகான படங்கள் லைக்குகளைக் கொண்டுவந்தன, காசைக் கொண்டுவரவில்லை. காசைக் கொண்டுவந்தது ஒரு கேள்வி. மதுரையிலிருந்து ஒரு பெண்மணி கேட்டிருந்தார்: "புதுக் கல்வத்தில் இடித்தால் பல்லில் மண் கடிக்கிறதே, என்ன செய்வது?"

எங்கள் ஊரில் இதை ஒருவரும் கேட்க மாட்டார்கள். பிறந்ததிலிருந்து தெரிந்த சமாசாரம். மகள் போனைப் பிடித்துக்கொள்ள, நான் திண்ணையில் உட்கார்ந்து செய்து காட்டினேன். புதுக் கல்வத்தை முதலில் தண்ணீர் விட்டுத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு கூடாது, கல் அதன் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் ஒரு பிடி பச்சரிசியைப் போட்டுக் குழவியால் சுற்றிச் சுற்றி அரைக்க வேண்டும். முதல் தடவை மாவு சாம்பல் நிறத்தில் வரும். கொட்டிவிட்டு மறுபடி அரிசி. மாவு வெள்ளையாக வருகிறவரை மூன்று நாலு தடவை ஆகும், சில கல்லுக்கு ஐந்தும் ஆகும். கடைசியில் கல் உப்பும் பூண்டும் சீரகமும் சேர்த்து ஒரு தரம் இடித்து, அதையும் எறிந்துவிட்டுக் கழுவிக் காயவைத்தால் தீர்ந்தது. தினமும் ஈரம் போக உலர்த்தி வைத்தால் பேத்தி காலம் வரை உழைக்கும். அந்த அரைத்த அரிசியை மாட்டுக்கோ கோழிக்கோ வைத்துவிடாதீர்கள், அதில் கல் தூள் இருக்கிறது.

இரண்டு நிமிஷத்துக்கும் குறைவான படம். நான் அலங்காரம்கூடச் செய்துகொள்ளவில்லை. அந்த வாரம் 11 கல்வம் போயிற்று. அதற்கு முன் ஒரு மாதத்தில் போனது 3. வாங்கினவர்களில் பாதிப் பேர், "எங்க வீட்ல பழசு ஒண்ணு பரண்ல கெடக்கு, அதையும் சரி பண்ணிட்டோம்" என்று எழுதினார்கள். பழசு வைத்திருக்கிறவர்கள் எதற்குப் புதிது வாங்கினார்கள் என்கிறீர்களா? மகளுக்கு, மருமகளுக்கு!

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். யார் என்ன கேட்டாலும் அதில் எழுதுவேன். கல்தொட்டியில் பாசி பிடித்தால் என்ன செய்வது, உரைகல்லில் எந்தப் பக்கம் உரைப்பது, கல் விளக்கில் எண்ணெய் கசியுமா... ஒவ்வொரு கேள்வியும் ஒரு படம். என்ன போடுவது என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்கிற வேலையே இல்லை. அதே நோட்டில் இன்னொரு பக்கம், வாங்குகிற ஒவ்வொருவரையும், "எங்க பாத்தீங்க நம்மள?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். இன்ஸ்டாகிராமில் பார்த்தவர் எத்தனை, வரைபடத்தில் பார்த்தவர் எத்தனை, தோழி சொல்லி வந்தவர் எத்தனை. இன்றைக்கும் தோழி சொல்லி வருகிறவர்கள்தான் ஜாஸ்தி. இதை எந்த வகுப்பிலும் அழுத்திச் சொல்வதில்லை.

காசு கொடுத்து விளம்பரம் போடுவது பற்றியும் கேட்பீர்கள். 'பூஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. பக்கத்துத் தெருக் கடைக்காரர் ஒருவர் இந்தியா முழுவதற்குமாக 3,000 ரூபாய் கட்டினார். லைக் மழையாகக் கொட்டியது, ஒரு விளக்குகூட விற்கவில்லை. எங்கோ இருக்கும் பையன்களுக்கு மாமல்லபுரம் கல் விளக்கு எதற்கு? நான் சென்னை, கோயம்புத்தூர் இரண்டு ஊருக்கு மட்டும், முப்பது வயசுக்கு மேற்பட்ட பெண்களுக்கு என்று சொல்லி, ஐந்து நாளைக்கு 500 ரூபாய் கட்டினேன். அதுவும் ஏற்கெனவே நன்றாகப் போன படத்துக்குத்தான். ஓடாத மாட்டுக்குத் தீனி போட்டு என்ன பிரயோஜனம்? பார்வையாளர்களை ஆயிரம் இவ்வளவு என்று விலைக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட நிஜ மனிதர் இல்லை, பூண்டு இடிக்க மாட்டார்கள்.

ஊரின் பேரும் பெருமையும் நமக்கு உதவும், ஆனால் அளந்து பயன்படுத்த வேண்டும். 2015-ல் உலகக் கைவினைக் கவுன்சில் எங்கள் ஊரைக் கல்சிற்ப நகரம் என்று அறிவித்தது. 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பலர் அந்த முத்திரையை எல்லாவற்றிலும் ஒட்டிவிடுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொண்டவர்களுக்குத்தான் அந்த உரிமை. என் கல்வத்துக்கு நான் போடுவதில்லை. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் இங்கே நடந்தபோது, வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை ஊரெல்லாம் நின்றது. சென்னை நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் வரைந்த படம் உலகமெல்லாம் சுற்றியது. அரசாங்கமே செய்த நல்ல விளம்பரம்! என் வீட்டுக்காரர் மாக்கல்லில் குதிரைக் காய்கள் செய்தார், இரண்டு வாரம் பிரமாதமாகப் போயிற்று. ஆகஸ்ட் 10-ம் தேதியோடு போட்டி முடிந்தது, குதிரையும் படுத்துவிட்டது. திருவிழாச் சரக்கு திருவிழாவோடு சரி. கல்வம்தான் வருஷம் முழுக்கச் சோறு போடுகிறது.

முகத்தில் ஒரு துணிகூட இல்லையே!

எல்லாவற்றையும்விட முக்கியமானதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். என் வீட்டுக்காரர் வேலை செய்வதையும் படம் பிடித்துப் போட்டோம். கல்தொட்டி குடைவதை, முதலில் மெஷின் வைத்து அறுத்து, பிறகு உளியால் கொத்துவதை. வெள்ளைப் புகை மாதிரி தூசி எழும்ப, அதற்குள் அவர் உட்கார்ந்திருப்பார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். கீழே ஒருத்தி எழுதியிருந்தாள்:

"அக்கா, அண்ணன் முகத்துல ஒரு துணிகூட இல்லையே. எங்கப்பாவும் இதே வேலைதான். அம்பது வயசுல மூச்சு விட முடியாமப் போயிட்டார். தயவு செஞ்சு மாஸ்க் போடச் சொல்லுங்க."

கல்யாணமான நாளிலிருந்து நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். துண்டையாவது கட்டுங்கள் என்று எத்தனை ராத்திரி சண்டை! "எங்கப்பா, எங்க தாத்தா எல்லாம் மூடிக்கிட்டா வேலை செஞ்சாங்க?" என்பார். அவர்கள் காலத்தில் உளியும் சுத்தியலும் மட்டும்தானே, இந்த மெஷின் கிளப்புகிற தூசி ஏது? பதில் சொன்னாலும் ஏறாது. ஆனால் அன்றைக்கு மகள் அந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள். அதற்குக் கீழே இன்னும் இருபது முப்பது பேர் அதையே எழுதியிருந்தார்கள். மனிதர் ஒன்றும் பேசவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

கருங்கல்லில் சிலிக்கா இருக்கிறது. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் அது கண்ணுக்குத் தெரியாத தூளாகிக் காற்றில் நிற்கிறது. கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைத் தூசியைவிட, தெரியாத அந்த நுண்ணிய தூள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கித் தழும்பு உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்று பேர். பல வருஷம் ஒன்றும் தெரியாது. பிறகு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குதல். வந்த தழும்பைப் போக்க மருந்து இல்லை, மேலும் வராமல் தடுக்கத்தான் முடியும். இந்த நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் தொற்றும் அபாயமும் அதிகம். பீடி, சிகரெட் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனேன். திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் போகிற வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். "இப்போதைக்குப் பயமில்லை. ஆனா வருஷம் ஒரு தடவை வந்து காட்டணும். தூசியைக் குறைக்காம வேலை செஞ்சா நான் பொறுப்பில்ல" என்றார் டாக்டர். சாதாரணத் துணியோ துண்டோ நுண்ணிய தூளைத் தடுக்காது, முகத்தோடு இறுக்கமாகப் படிகிற என்-95 மாஸ்க் வேண்டும் என்றார். அதைவிட முக்கியம், கல்லை நனைத்து அறுப்பது. இப்போது மெஷின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வைத்திருக்கிறார். மின்சார மெஷினில் தண்ணீர் படுவது ஆபத்து ஆகையால், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் கருவியைப் பொருத்தின பிறகுதான் ஆரம்பித்தோம். தரையை விளக்குமாறால் பெருக்குவதையும் விட்டுவிட்டேன், ஈரத் துணியால் துடைக்கிறேன். வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைப்பதில்லை.

பட்டறையிலும் இரண்டு இளம் பையன்கள் மாஸ்க் போட ஆரம்பித்திருக்கிறார்கள். மற்றவர்கள் கேலி செய்கிறார்களாம். செய்யட்டும். பெண்டாட்டி சொல்லிக் கேட்காத மனிதரை முன்பின் தெரியாத பெண்கள் மாற்றினார்களே என்று எனக்கு முதலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. அந்த அப்பாவை இழந்த பெண்ணுக்கு ஒரு உரைகல் அனுப்பி வைத்தேன். காசு வாங்கவில்லை.

போனில் நல்லவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? ராணுவ அதிகாரி பேசுகிறேன் என்று ஒருவன் கூப்பிடுவான். இருபது விளக்கு வேண்டும் என்பான், பேரமே பேச மாட்டான். அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்! "பணம் அனுப்பறதுக்கு ஒரு க்யூ.ஆர். படம் அனுப்பியிருக்கேன். ஸ்கேன் பண்ணி உங்க ரகசிய எண்ணைப் போடுங்க, பணம் வந்துரும்" என்பான். சகோதரிகளே, பணம் வாங்குவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. கொடுப்பதற்குத்தான் அது. எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்கு இப்படி 6,000 ரூபாய் போயிற்று. போனால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. சிறுதொழில் பதிவான 'உத்யம்' 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது. ஆதார் எண்ணைக் கொண்டு அரசாங்கத் தளத்தில் இலவசமாகச் செய்யலாம். இதற்கும் ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிற பக்கங்கள் அரசாங்கப் பக்கம் மாதிரியே இருக்கின்றன. கடற்கரையில் சங்கு, சிப்பி விற்கிற தோழிகளுக்கும் ஒரு வார்த்தை: சில சங்கு இனங்களை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். எது கூடும், எது கூடாது என்று வனத்துறையில் கேட்டுக்கொண்டு படம் போடுங்கள்.

இன்னொன்று. 2020 ஜூன் 29-ம் தேதி டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதை நம்பி இருந்தவர்கள் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4-ம் தேதி இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. அடுத்தவன் மனையில் போட்ட கொட்டகைதான் இது. ஆகையால் வாங்கினவர்கள் பேர், ஊர், டெலிபோன் நம்பர் எல்லாவற்றையும் காகித நோட்டில் எழுதி அரிசிப் பானைக்கு மேலே மாடத்தில் வைத்திருக்கிறேன். கரண்ட் போனாலும் அது இருக்கும். ஆனால் அதை வெளியாள் யாருக்கும் காட்டுவதில்லை. நம்பிக் கொடுத்த நம்பர் அல்லவா?

விற்பதைவிட அனுப்புவதுதான் கஷ்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பீட் போஸ்டில் 35 கிலோ வரை எடுத்துக்கொள்கிறார்கள், கல்வத்துக்கு அது போதும். ஆனால் நாலு கிலோ சாமானுக்குத் தபால் செலவைச் சேர்த்தால் வாங்குகிறவர் திகைத்துப் போவார். ஆகையால் விலையோடு அனுப்பும் செலவையும் முதலிலேயே சேர்த்து எழுதிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். கல்தொட்டி 12, 13 கிலோ வரும், அதை லாரி பார்சலில்தான் போடுவது. ஒரு பார்சல் கம்பெனி ஒரு தடவை விளக்கை இரண்டாக உடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "கல்லு எப்படிம்மா உடையும்?" என்று என்னையே கேட்டது. அதிலிருந்து குழவியைத் தனியாகச் சுற்றி, கல்லைச் சுற்றிலும் வைக்கோல் அடைத்து, பலகைச் சட்டம் அடித்து, மூடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்பிவிடுகிறேன்.

இந்த வாரம் கோயம்புத்தூருக்கு ஆறு தொட்டி போக வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் வெயில் காலத்துக்குள் தோட்டத்தில் வைக்கப் போகிறார்களாம். நாலு முடிந்துவிட்டது, இரண்டு ஈரத்தில் கிடக்கிறது. வைக்கோலுக்குத் திருக்கழுக்குன்றத்தில் சொல்லியிருக்கிறேன்.